கையே வலையாக: பழவேற்காட்டில் ஒரு பகல்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்துப் பயணத்தில் பழவேற்காடு வந்துவிடுகிறது. வழியில் வயல்கள் முடிந்து உவர்நிலம் தொடங்கும் இடத்தைக் கண்ணால் அறிவதற்கு முன்பே மூக்கால் அறியலாம். ஊருக்குள் இறங்குகிறவரை முதலில் வரவேற்பது ஏரி அன்று. கருவாட்டு மணமும், கூடைகளோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் மீன்காரப் பெண்களின் பேச்சொலியுமே. அவர்களைக் கடந்து பாலத்தருகே வந்த பிறகுதான் ஏரி தென்படுகிறது. தென்பட்டதும் கண் அதன் அக்கரையைத் தேடித் திகைக்கிறது.

நற்செய்தியில் நாம் அடிக்கடி கேட்கும் கலிலேயக் கடல் உண்மையில் கடலன்று, ஏரியே. அதன் பரப்பு ஏறத்தாழ 166 சதுர கிலோமீட்டர். பழவேற்காட்டு ஏரியோ நீர் வற்றிய காலத்தில் 250 சதுர கிலோமீட்டரும், நிறைந்த காலத்தில் 450 சதுர கிலோமீட்டரும் பரந்து கிடப்பது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி மட்டும் நமது திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஆழத்தில் மட்டும் கலிலேயாவும் பழவேற்காடும் நேர்மாறானவை. அங்கே 40 மீட்டருக்கும் மேல் ஆழம் உண்டு. இங்கே சராசரி ஒரு மீட்டர்தான். “சீடர்கள் இந்த ஏரியில் வந்திருந்தால் புயலுக்கு அஞ்சி ஆண்டவரை எழுப்பியிருக்க மாட்டார்கள், இறங்கி நடந்தே கரையேறியிருப்பார்கள்” என்று என் கணவர் சொன்னார். ஏரியின் நடுப்பகுதிக்கு அது பொருந்தும். கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தருகே நீர் ஆழமானது. அதன் வேகமும் அஞ்சத்தக்கது.

ஊரின் பழமையைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்த இதழ் முழுவதும் போதாது. போர்த்துக்கீசியர் 1515-ஆம் ஆண்டில் எழுப்பியதாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயத்தைத் தரிசித்து வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வாணிபம் அனைத்தையும் இங்கிருந்தே நடத்தினர். கட்டம் போட்ட பழவேற்காட்டுத் துணி உலகச் சந்தைகளுக்குப் போயிற்று. துணியோடு மனிதரும் போயினர். பஞ்ச காலங்களில் பிடித்தும் விலைக்கு வாங்கியும் சேர்த்த அடிமைகளை ஒல்லாந்தர் இத்துறையிலிருந்து பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினர். கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு, தொல்லியல் துறையின் காவலில் நன்றாக இருக்கிறது.

ஆனால் நாங்கள் சென்றது கோட்டையைக் காண அன்று; மீன் பிடிக்க.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என் கணவர் மின்வாரியத்தில் பணியாற்றியவர். இளமையில் சில ஆண்டுகள் நீலகிரியில், குந்தா நீர்மின் திட்டத்தில் இருந்தார். அங்கே அவலாஞ்சி ஓடைகளில் டிரவுட் என்னும் மீன் உண்டு. அது நம் நாட்டு மீனன்று. குளிர்ந்த, தெளிந்த நீரில் மட்டுமே வாழக்கூடியது. சீமையில் தாங்கள் பிடித்து மகிழ்ந்த மீன் இங்கும் வேண்டுமென்று ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டிலேயே முயன்று தோற்றனர். பிறகு வில்சன் என்ற அலுவலர் 1907-ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்துக் குஞ்சுகளை வளர்த்து ஓடைகளில் விட்டார், அவை நிலைத்தன. அந்த மீனைப் புழுவைக் கோத்துப் பிடிப்பது மரியாதைக் குறைவாம். சிறு முள்ளில் கோழி இறகையும் பட்டு நூலையும் கட்டிப் பூச்சி போலச் செய்து, நீண்ட கோலைச் சுழற்றி, அந்தப் பொய்ப்பூச்சி நீரின்மேல் வந்து அமர்வதுபோல விழச்செய்ய வேண்டும். மீன் அதை மெய்யென்று நம்பிப் பாய்ந்து கவ்வும்.

ஒருநாள் வயதான வெள்ளைக்காரத் தம்பதியர் காலை முதல் மாலை வரை இடுப்பளவு நீரில் நின்று இவ்வாறு மீன் பிடித்ததை என் கணவர் கண்டாராம். மாலையில் அவர்கள் கையில் இருந்தது இரண்டே மீன். அவற்றுள் ஒன்றையும் நீரில் விட்டுவிட்டார்களாம். “பேசாமல், சண்டை போடாமல், கணவனும் மனைவியும் ஒரு முழுப் பகலைக் கழித்தார்கள். மீன் அதற்கு ஒரு சாக்கு” என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். பணி ஓய்வுக்குப் பின் அப்படி ஒரு பகல் தமக்கும் வேண்டுமென்று ஆசைப்பட்டார். நீலகிரிக் குளிர் என் முழங்காலுக்கு ஒவ்வாது. ஆகவே, சென்ற தை மாதத்தில் ஒருநாள், ஒரு மடக்குக் கோலும், நரம்புச் சுருளும், ஒரு தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறுமாகப் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம்.

படகில் ஏறுவதில்லை என்பதை முன்பே முடிவு செய்திருந்தோம். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இந்த ஏரிக்குச் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. பாலத்தருகே, ஊர்ச் சிறுவர்கள் நரம்புத் தூண்டில் போடும் இடத்தில் நாங்களும் அமர்ந்தோம்.

தூண்டில்காரர் இங்கே மனப்பால் குடிப்பது கொடுவா மீனுக்காக. டிரவுட்டைப் போலவே அதுவும் இரையைத் துரத்திப் பாயும் மீன்; பொய் இரைக்கும் ஏமாறும். அதன் வாழ்க்கை விந்தையானது. கடலில் பிறந்து, குஞ்சாகக் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் கடலுக்கே திரும்பும். இளமையில் ஆணாக இருந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறிவிடும். இதை என் கணவர் சொன்னபோது அருகிலிருந்த சிறுவன் ஒருவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் தூண்டிலை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தான். பத்து மணி வரை கொடுவா வரவில்லை. கிடைத்தவை இரண்டு சிறு கெளிறு. அவை பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

வடக்கே வெகுதொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடு இட்டதுபோல் நின்றன. மழைக்காலம் முடியும்போது வந்து, ஆழமற்ற இந்நீரில் தலையைக் கவிழ்த்து வளைந்த அலகால் சேற்றை வடிகட்டித் தின்னும் பறவைகள் அவை. அவற்றின் பொருட்டும் மற்ற நீர்ப்பறவைகளின் பொருட்டும் ஆந்திரம் 1976-லும் தமிழ்நாடு 1980-லும் ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் நீரின்மேல் மிதக்கும் கறுப்புப் புள்ளிகள் சில பட்டன. முதலில் நீர்க்காகங்கள் என்றே நினைத்தேன். அவை மெல்ல நகர்ந்தன. ஒன்று கையைத் தூக்கிற்று. அவை மனிதத் தலைகள்.

கரையோரமாகச் சற்றுத் தொலைவு நடந்து போனோம். நீர் வற்றும் நேரம். ஆறேழு பேர், ஆணும் பெண்ணுமாக, கழுத்தளவு நீரில் இருப்பதுபோல் தோன்றினர். உண்மையில் நீர் தொடையளவுதான். அவர்கள் நிற்கவில்லை, சேற்றில் அமர்ந்தும் மண்டியிட்டும் ஊர்ந்துகொண்டிருந்தனர். இரண்டு கைகளும் நீருக்கடியில். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் பனையோலைக் கூடை. கை சேற்றிலிருந்து மேலே வரும். அதில் துள்ளும் இறால் கூடைக்குள் போகும். கை மீண்டும் சேற்றுக்குள் போகும். பேச்சில்லை. பல்லிடுக்கில் கயிறு இருக்கும்போது எப்படிப் பேசுவது?

இவர்கள் இருளர். வலையில்லை, தூண்டில் இல்லை, பெரும்பாலோர்க்குப் படகும் இல்லை. கையால் தடவிப் பிடிப்பதே இவர்களுடைய மீன்பிடிப்பு. இறால் கையில் தட்டுப்பட்டால் முன்னோக்கி ஓடாது. வாலை மடக்கி அடித்துப் பின்னோக்கிப் பாயும். ஆகவே ஒரு கை தொடுமிடத்துக்குப் பின்னால் மற்றொரு கை காத்திருக்க வேண்டும். அந்த மற்றொரு கை பெரும்பாலும் வேறொருவருடைய கையாக இருப்பதைக் கவனித்தேன். ஏறக்குறைய எல்லாரும் இரண்டிரண்டு பேராகவே இருந்தனர்.

நடுப்பகல் கடந்து நீர் திரும்ப ஏறத் தொடங்கியபோது அவர்கள் கரையேறினர். ஓரிணை எங்களுக்கு அருகிலேயே வந்து அமர்ந்தது. அவனுக்கு நாற்பது வயதிருக்கும். அவளுக்குச் சற்றுக் குறைவு. புளிச்சோற்றில் பாதியைக் கொடுத்தேன். தயங்கி, கணவனைப் பார்த்து, வாங்கிக்கொண்டாள். அவள் கையைப் பார்த்தபோதுதான் என் மனம் கலங்கிற்று. ஆறு மணி நேரம் நீரில் ஊறி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. உள்ளங்கை முழுவதும் கீறல்கள், ஆறியவை, ஆறாதவை. கிளிஞ்சல் ஓடும் நண்டும் கெளிற்று முள்ளும் செய்தவை.

“ரெண்டு பேரும் எப்பவும் சேர்ந்துதான் இறங்குவீங்களா?” என்று கேட்டேன்.

“தனியா இறங்கினா எறா பின்னாடி ஓடிடும்மா. இவரு முன்னால தடவினா அது என் கைக்கு வரும். நான் தடவினா இவரு கைக்குப் போவும். வேற ஆளோட சரிப்படாது. கை பழகணும்.”

“எத்தனை வருஷமாகப் பழகிய கை?”

அவள் சிரித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். “மூத்த பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு” என்றான் அவன்.

என் கணவர் தம் கோலையும் சுருளையும் அவனிடம் காட்டினார். அவன் அதை வாங்கி, வளைத்துப் பார்த்து, முள்ளின் கூர்மையை விரலால் தொட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மீனு வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்கணுமே சார்” என்று திருப்பிக் கொடுத்தான்.

இருளர் தொன்றுதொட்டுக் காட்டையும் காட்டோரத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள். பாம்பு பிடிப்பதிலும் வயல் எலி பிடிப்பதிலும் மூலிகை அறிவதிலும் அவர்களுக்கு ஈடில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் காட்டைக் காக்கத் தேவையானவையே. ஆயினும் பாம்புத்தோலால் பிழைத்த பல குடும்பங்களுக்கு அத்தோடு பிழைப்பு அற்றது. நெல் அரவை ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளானோர் பலர். 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் இம்மாவட்டத்திலேயே இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாளேடுகளில் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறோம். ஏரியின் வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் இவர்களை ஒத்த ஏனாதியர் வாழ்ந்தனர். விண்வெளி மையத்துக்காக அத்தீவு எடுக்கப்பட்டபோது அவர்களுள் பலர் வெளியேற நேர்ந்தது. இன்று ஏவுகணை எழும்புவதை ஏரிக்கரையிலிருந்தே காணலாம். அந்நாட்களில் அப்பக்கம் மீன்பிடிக்கச் செல்லாதீர் என்ற அறிவிப்பும் குப்பங்களுக்கு வந்துவிடும்.

சூளைக்கும் ஆலைக்கும் போகாமல் இந்த ஏரியில் கை வைத்துப் பிழைக்க முடிந்தால் அது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது இதனால் விளங்கும். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில், தங்கள் விருப்பப்படி வேலை செய்து, மாலையில் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். “சூளையில இருந்தப்போ இவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். புள்ளைங்களைப் பார்க்கவே நேரம் இருக்காது. இங்க வெயிலு இருந்தாலும், முள்ளு குத்தினாலும், வேணாம்னா கரையேறிடலாம்” என்றாள் அவள்.

ஆனால் ஏரியில் எல்லா இடமும் எல்லாருக்கும் உரியதன்று. இதை விளக்கப் பாட்டு முறையைச் சொல்லியாக வேண்டும். இறால் கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் நீர்ப்பாசியிலும் இரை தேடிச் சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் அதே வழியாகக் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டமே இறால் மிகுந்த இடம். அங்கே கழிகளை நட்டுச் சுத்து வலை கட்டுகிறவர்களுக்கு நல்ல வருவாய். கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் குடும்பங்கள் இவ்விடங்களைப் ‘பாடு’களாகப் பிரித்து, முறை வைத்து, தலைமுறைகளாகப் பங்கிட்டு வருகின்றன. நல்ல இடம் என்றும் ஒருவனுக்கே என்றிராது. இன்று கிடைத்தவன் நாளை விட்டுக்கொடுக்க வேண்டும். போலீசும் கோர்ட்டும் இல்லாமல் ஊர்ப் பெரியவர்களே நடத்தும் இந்த ஏற்பாட்டை வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து வியந்து எழுதியிருக்கின்றனர். இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் கத்தோலிக்க மீனவரின் கட்டுவலைச் சங்கங்கள் இதே போன்று சீட்டுக் குலுக்கி இடம் பங்கிடுவதுண்டு.

பாடு உள்ளவருக்குள் இது நீதியான முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடு இல்லாதவருக்கு? 1970-களிலிருந்து இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபின், மற்றச் சாதியாரும் மற்ற ஊராரும் ஏரியில் இறங்கினர். பாட்டில் பங்கு கேட்டனர், பூசல்கள் எழுந்தன. பட்டினவர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. அவர்களுடைய பிள்ளைகள் பெருகினர், ஏரி பெருகவில்லை. முன்பு பல நாளுக்கு ஒருமுறை வந்த பாடு இன்னும் தள்ளிப் போகிறது என்று குறைப்படுகின்றனர். அத்தனைக்கும் வெளியே, யாரும் வலை கட்ட விரும்பாத ஓரச் சேற்றில், இருளர் தடவிக்கொண்டிருக்கின்றனர். “ஓரமா தடவுறவங்களை யாரும் ஒண்ணும் சொல்றதில்லை” என்றான் அவன். அந்தச் சொல்லில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. ஏரியில் தனக்கு எது உண்டு என்பதை அறிந்தவன் பேச்சு அது.

பாடு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. முகத்துவாரம் தூர்ந்து போவதே அது. கடல் மணலைக் கொண்டுவந்து குவிக்கும். ஆரணியாறும் காளங்கியும் வெள்ளமாக வந்து தள்ளினால் வாய் திறக்கும். மழை பொய்த்தால் அடைபடும். அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது. கோடை வெயிலில் ஏரி கடலையும் விட உப்பாகிவிடும். ஊரார் மண்வெட்டியோடு கூடி மணலை வெட்டி வாய் திறந்த ஆண்டுகள் உண்டு. கற்சுவர் கட்டி முகத்துவாரத்தை நிலைப்படுத்த வேண்டுமென்று மீனவர் நெடுங்காலம் கேட்டுவந்தனர். அரசும் அத்திட்டத்தை எடுத்துக்கொண்டது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கினால் கடலரிப்பு மிகுந்து, தீவுக்கும் ஏரிக்கும் கேடு வரும் என்று அஞ்சி, பழவேற்காட்டு மீனவர் பலமுறை போராடியுள்ளனர். இருளர் அப்போராட்டங்களில் முன்வரிசையில் நிற்பதில்லை. ஆனால் வாய் அடைபட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்களே. படகு உள்ளவன் கடலுக்குப் போவான். இவர்களுடைய கை எட்டுவது ஓரச் சேறு மட்டும்.

மூன்று மணியளவில் இறால் வியாபாரியின் ஆள் ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்தார். கரையேறியவர்கள் கூடைகளோடு சூழ்ந்தனர். கணவன் கூடையும் மனைவி கூடையும் தனித்தனியே நிறுக்கப்படும் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினாள். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு களி நண்டும் இருந்தது. அதற்குத் தனி விலை. எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. அதில் 150 ரூபாயைப் பழைய முன்பணத்துக்கென்று கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்.

“முன்பணம் எவ்வளவு வாங்கினீங்க?” என்று என் கணவர் கேட்டார்.

“பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினது. தீருது தீருதுன்னுதான் இருக்கு” என்றான். சூளை முதலாளியின் முன்பணத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று என் கணவர் பிறகு என்னிடம் கேட்டார். நான் அதை அவளிடமே கேட்டிருந்தேன். “இவரு எறாவை மட்டுந்தாம்மா வாங்கறாரு, எங்களை இல்லை” என்று அவள் சொல்லியிருந்தாள். இதைவிடத் தெளிவாக அந்த வேறுபாட்டை என்னால் எழுத முடியாது. ஆனால் அந்த வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பதையும் மறைக்க மனமில்லை. ஓராண்டு மழை பொய்த்தால், ஒரு பிள்ளை நோயில் விழுந்தால், முன்பணம் பெருகும். பெருகினால் மறுபடியும் சூளை லாரி வாசலில் நிற்கும்.

அவர்கள் குடியிருப்பு வரை உடன் நடந்தோம். ஓலையும் தார்ப்பாயும் போட்ட குடிசைகள் சில. அரசு கட்டிய ஒற்றையறை வீடுகள் சில. மனைப்பட்டா இல்லாதவர் பலர். இருளரைத் தமிழ்நாட்டின் மிகவும் நலிவுற்ற பழங்குடியினருள் ஒருவராக அரசு ஏற்றுள்ளது. எனினும் பழங்குடிச் சான்றிதழ் பெறுவதற்குப் பிள்ளைகள் அலைகின்றனர். இளைய பையன் எட்டாம் வகுப்பில் படிக்கிறானாம். அவனுக்குச் சான்றிதழ் விண்ணப்பம் எழுதித் தர என் கணவர் திண்ணையிலேயே அமர்ந்துவிட்டார். அலுவலகக் கோப்புகளில் முப்பது ஆண்டு பழகிய கை அவருடையது. இரண்டு தாள் எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவள் கூடையின் அடியில் ஒதுக்கி வைத்திருந்த பொடி இறாலை ஓடு நீக்கி, அம்மியில் அரைத்த மிளகாயோடு சட்டியில் இட்டாள். விற்க உதவாத பொடி வீட்டுக்கு. அதுதான் அவர்கள் வழக்கம். எங்களுக்கும் ஆளுக்கொரு கவளம் வந்தது. எங்கள் இரண்டு கெளிற்றையும் அவளே வாங்கிச் சுத்தம் செய்து குழம்பில் சேர்த்தாள்; அவற்றைப் பார்த்து அவள் கணவன் ஒன்றும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தைத் தந்துவிட்டு, எந்த அலுவலகத்தில், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் கொடுக்க வேண்டுமென்று என் கணவர் விளக்கினார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போவது நல்லது என்றார். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையசைத்தாள்.

“திங்கக்கெழம பத்து மணிக்குத் தண்ணி நல்லா வத்திக் கெடக்கும். எறா பிடிக்கிற நேரம். ரெண்டு பேர்ல ஒருத்தர் போனா, இன்னொருத்தர் தனியா இறங்கறதுக்கில்லை” என்றாள்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவன், “அன்னிக்கு ஏரி வேணாம். ரெண்டு பேருமே போயிட்டு வந்துடலாம்” என்றான்.